ஒன்பது நாள் கழித்துப் போனால் கேட்பார்களா?

வாசகர் கேள்வி: என் மகளுக்கு 24 வயது. உறவினர் வீட்டுத் திருமண விருந்து ஒரு ஹோட்டலில் நடந்தது. அங்கே வந்த என் அண்ணன் மகனின் நண்பன், வீட்டில் இறக்கி விடுகிறேன் என்று காரில் கூட்டிப்போனான். வழியில் எதையோ எடுக்க வேண்டும் என்று தன் கொண்டோவுக்குக் கொண்டுபோய் அவளைக் கெடுத்துவிட்டான். இரவு 2 மணிக்குக் கிராப் பிடித்து வந்தாள். வந்ததும் குளித்துவிட்டு உடுப்பையெல்லாம் மெஷினில் போட்டுவிட்டாள். பட்டுப்புடவை மட்டும் டிரை கிளீனிங்குக்குப் போட ஒரு பையில் கிடக்கிறது. என்னிடம் அவள் சொன்னதே ஐந்தாம் நாள்தான். மறுநாள் காலையில் அவன் "சாரி, குடிச்சிருந்தேன், யார்கிட்டயும் சொல்லாத" என்று வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறான். விருந்தில் இவளும் இரண்டு கிளாஸ் வைன் குடித்தாளாம். பெயர் பேப்பரில் வந்தால் கல்யாணமே நடக்காது, போலீஸ் வேண்டாம் என்கிறார் அவள் அப்பா. அவன் வீட்டில் பேசி ஒரு தொகை வாங்கி முடித்துவிடலாம் என்கிறார் என் தம்பி. மகள் அறையை விட்டே வருவதில்லை. இன்றோடு ஒன்பது நாள். இனிமேல் போனால் இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்கமாட்டார்களா? வக்கீலுக்கு எவ்வளவு ஆகும்? நான் முதலில் என்ன செய்வது? (சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு தாய். அடையாளம் தரும் விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

பதில்:

அன்புள்ள அம்மா,

அந்தப் பட்டுப்புடவையை டிரை கிளீனிங்குக்குக் கொடுத்துவிடாதீர்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம், முதலில் அந்தப் பையை எடுங்கள். பிளாஸ்டிக் பை என்றால் புடவையை வெளியே எடுத்துவிட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக்குக்குள் துணி ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும், அதில் டிஎன்ஏ சிதைந்துபோகும். கையுறை மாட்டிக்கொண்டு, உதறாமல், கிடக்கிற மடிப்பிலேயே தூக்கிக் காகிதப் பை ஒன்றில் வைத்து வாயை மடித்து ஒட்டுங்கள். துணிக்கடையில் தரும் பழுப்பு நிறக் காகிதப் பை புதிதாக இருந்தால் போதும். மேலே தேதி, நேரம், எடுத்து வைத்தவர் பெயர் எழுதுங்கள். ரவிக்கை, உள்பாவாடை, உள்ளாடை எல்லாம் துவைத்தாகிவிட்டது என்பதற்காக அவற்றை எறிந்துவிடவும் வேண்டாம். மெஷினில் துவைத்த துணியிலிருந்தும் விந்தணு டிஎன்ஏ எடுக்க முடிந்திருப்பதாகத் தடயவியல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில் இருக்கட்டும். சேர்த்து வைத்தால் ஒன்றில் இருப்பது இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும், எது எங்கிருந்து வந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

துணியை எடுத்து வைத்துவிட்டதால் போலீசுக்குப் போயே தீர வேண்டும் என்று ஆகிவிடாது. போகலாம் என்று மகள் என்றைக்காவது நினைத்தால் கையில் ஏதாவது இருக்கும்.

உங்கள் வீட்டில் இப்போது எல்லாமே "போலீசா, வேண்டாமா" என்ற ஒரே கேள்வியில் சிக்கி நிற்கிறது. உண்மையில் இதில் மூன்று காரியங்கள் இருக்கின்றன: உடம்புக்கு வைத்தியம், சாட்சியங்களைக் காப்பாற்றுவது, புகார் கொடுப்பது. மூன்றுக்கும் கெடு வேறு. வைத்தியத்தில் சில வேலைகளுக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம். சாட்சியம் நாளாக நாளாகக் கரைகிறது. புகாருக்கு மட்டும் கெடுவே கிடையாது. சிங்கப்பூரில் குற்ற வழக்குக்குக் காலவரம்பு இல்லை, பல வருடங்களுக்கு முன் நடந்ததற்கும் இன்று புகார் கொடுக்கலாம். கெடு இல்லாத காரியத்தில் வீட்டார் ஒத்துப்போகட்டும் என்று கெடு உள்ள இரண்டையும் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். இதை முதலில் பிரித்துவிடுங்கள்.

உடம்பிலிருந்து தொடங்குவோம். சில கதவுகள் மூடிவிட்டன, அதை மறைத்துப் பயனில்லை. கருத்தடுப்பு அவசர மாத்திரை வகையைப் பொறுத்து 3 முதல் 5 நாளுக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். (இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இன்னும் அந்த நேரம் மிச்சமிருந்தால், படிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அவசர மாத்திரையை இங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்க முடியாது. குளிக்காமல், உடை மாற்றாமல் போவது நல்லது. மாற்றிவிட்டால் கழற்றியதைக் காகிதப் பையில் கொண்டு போங்கள். பானத்தில் ஏதோ கலந்துவிட்டான் என்ற சந்தேகம் இருந்தால் முதல் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து வையுங்கள். சில மருந்துகள் 12 மணி நேரத்தில் சிறுநீரிலிருந்து மறைந்துவிடும்.)

உங்கள் மகளுக்கு இன்னும் மிச்சமிருப்பது நிறைய. கர்ப்பப் பரிசோதனையை இன்று செய்து "இல்லை" என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். சம்பவம் நடந்து 3 வாரம் ஆன பிறகு, காலையின் முதல் சிறுநீரில் செய்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். அதாவது இன்னும் 12 நாள் இருக்கிறது, நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கிளமிடியா, கொனோரியா தொற்றுகளுக்கு 2 வாரத்தில் பரிசோதனை. எச்ஐவி, சிபிலிஸ் இரண்டுக்கும் 6 வாரத்தில் ஒருமுறை, 3 மாதத்தில் ஒருமுறை. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1987 முதல் இங்கே பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் தேசியத் திட்டத்தில் உண்டு. இங்கே பிறந்தவள் என்றால் பழைய சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். போடவில்லை என்றால் இப்போதுகூடத் தொடங்கலாம். கர்ப்பம் தங்கியிருந்தால் 24 வாரம் வரை கலைக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆலோசனை முடிந்து 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கையெழுத்து அவளுடையது மட்டும் போதும். அப்பாவோ வேறு யாருமோ சம்மதிக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு நிலை வந்தால், புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால், கலைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அந்தத் திசுவும் சாட்சியம்தான், முடிந்த பிறகு சொன்னால் மருத்துவமனை அதை அப்புறப்படுத்தியிருக்கும்.

எங்கே போவது? கேகே மகளிர் சிறார் மருத்துவமனை அல்லது வேறு எந்த அரசாங்க மருத்துவமனையின் மகளிர் பிரிவும் சரி. ரத்தப்போக்கு, காய்ச்சல், அடிவயிற்று வலி இருந்தால் அவசரப் பிரிவுக்கே போங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். விஷயம் தெரிந்தால் மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவிக்கக்கூடும். அதனால் முழுவதும் சொல்வதற்கு முன் "நான் சொன்னால் போலீசுக்குச் சொல்வீர்களா?" என்று மகளே கேட்டுவிடட்டும். ஆனால் பொய் மட்டும் வேண்டாம். வேலைக்கு எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எடுக்க, சிலர் தெரிந்த கிளினிக்கில் "மாடிப்படியில் விழுந்துட்டேன்" என்று சொல்லி, தொடையிலிருக்கும் கன்றலைக் காட்டிவிட்டு வருவார்கள். மருத்துவர் அதை அப்படியே எழுதி வைப்பார். ஒரு வருடம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுந்து நிற்பார். "இப்போது சொல்ல விருப்பமில்லை" என்று சொன்னால் ஒன்றும் கெட்டுப்போகாது. எம்சியில் காரணம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

கன்றலோ கீறலோ இன்னும் தெரிந்தால் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். எந்த இடம் என்று தெரியத் தள்ளி நின்று ஒன்று, பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துக் கிட்டத்தில் ஒன்று. ஒன்பதாம் நாள் என்பதால் மஞ்சளோ பச்சையோ பாய்ந்திருக்கும். அதுவும் பயன்படும்.

அடுத்தது கைபேசி. "சாரி, குடிச்சிருந்தேன்" என்ற அந்த ஒரு வரி உங்கள் துணிப்பைகள் எல்லாவற்றையும்விடக் கனமானதாக இருக்கலாம். மறையும் செய்தியாக அவன் அனுப்பியிருந்தால் அது தானாகவே போய்விடும். ஆகவே இன்றே இன்னொரு கைபேசியில் வீடியோ எடுங்கள். அவனுடைய எண் தெரியும் பக்கத்திலிருந்து தொடங்கி, உரையாடலை மேலிருந்து கீழே, தேதியும் மணியும் தெரியும்படி மெதுவாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வைத்தால், வெட்டி ஒட்டியது என்று வாதிட இடம் கொடுக்கும். அவனை பிளாக் செய்யலாம், உரையாடலை அழிக்கக்கூடாது. கைபேசியை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். புகாருக்குப் பிறகு காவல்துறை அந்தக் கைபேசியை ஆய்வுக்கு வாங்கி வைத்துக்கொள்ளலாம். வங்கிச் செயலி, சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளம்) எல்லாம் அதில்தான் என்றால் மாற்று ஏற்பாடு முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். கிராப் ரசீது மின்னஞ்சலில் இருக்கும், ஏறிய இடமும் நேரமும் அதிலேயே வந்துவிடும்.

அவனிடமிருந்து இன்னும் ஏதாவது வரவழைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மிரட்டியோ நைச்சியமாகப் பேசியோ வாங்கிய பதில், பிறகு "இவர்கள் பணம் பறிக்கப் பார்த்தார்கள்" என்று திரும்பி வரும். இன்ஸ்டாகிராமில் அவன் படத்தைப் போடுவதும் அப்படித்தான். அவன் எச்சரிக்கையாகிவிடுவான், உங்கள் மகள் யார் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் கையில் இல்லாத சாட்சியமும் இருக்கிறது. கொண்டோ வாயில் சிசிடிவி, மின்தூக்கிக் கேமரா, ஹோட்டல் கார் நிறுத்துமிடம், அவன் காரின் உள்கேமரா எல்லாம் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவை ஏற்றுபவை. சில நாளிலோ சில வாரத்திலோ போய்விடும். காவல்துறை கேட்டால் கொடுப்பார்கள், நீங்கள் கேட்டால் பெரும்பாலும் கொடுக்கமாட்டார்கள். புகாருக்குக் கெடு இல்லை என்றேன், ஆனால் தள்ளிப்போடுவதற்கு விலை உண்டு என்பது இங்கேதான். இதை மகளுக்கு ஒரு தகவலாகச் சொல்லலாம், மிரட்டலாகச் சொல்லக்கூடாது.

நீங்களும் ஒரு சாட்சி, தெரியுமா? ஐந்தாம் நாள் அவள் முதலில் வாய் திறந்தது உங்களிடம்தான். எப்போது, எங்கே உட்கார்ந்திருந்தபோது, எந்த வார்த்தையில் சொன்னாள், அழுதாளா, கை நடுங்கியதா என்பதையெல்லாம் இன்றிரவே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். அவளிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டாம். இரண்டு பேரும் உட்கார்ந்து "அப்போ மணி என்ன இருக்கும்?" என்று ஒத்துப் பார்த்தால், இருவர் வாக்குமூலமும் ஒருவரே எழுதியது போலாகிவிடும். திரும்பத் திரும்ப அவளைச் சொல்லச் சொல்லவும் வேண்டாம்.

புகார் கொடுக்க முடிவெடுத்தால், எந்த அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்கும் போகலாம். சம்பவம் நடந்த வட்டாரம் என்று தேட வேண்டாம். 999 உடனடி ஆபத்துக்கு மட்டும். முகப்பில் வரிசையில் நிற்பவர்கள் காதில் விழ எதையும் சொல்ல வேண்டியதில்லை. "பாலியல் குற்றம் பற்றிப் புகார், தனி அறை வேண்டும், பெண் அதிகாரி இருந்தால் நல்லது" என்றால் போதும். அங்கே அடிப்படை விவரம்தான் எடுப்பார்கள். விரிவான வாக்குமூலத்தைப் பிறகு இந்த வகைக் குற்றங்களில் பயிற்சி பெற்ற விசாரணை அதிகாரி எடுப்பார். கண்டோன்மெண்ட் காவல் வளாகத்தில் 2017 முதல் ஒன்சேஃப் என்ற நிலையம் இயங்குகிறது. மருத்துவப் பரிசோதனையும் வாக்குமூலமும் அங்கே ஒரே இடத்தில், பொதுமக்கள் கண்ணில் படாமல் நடக்கும். தடயவியல் மாதிரிகள் பொதுவாகப் புகாருக்குப் பிறகுதான் எடுக்கப்படுகின்றன. ஒன்பதாம் நாளில் உடம்புக்குள்ளிருந்து எடுக்க அதிகம் இருக்காது, அந்தப் பரிசோதனை தேவையா என்பதை மருத்துவரும் அதிகாரியும் சொல்வார்கள். மகள் வேண்டாம் என்றும் சொல்லலாம்.

வாக்குமூலம் பல மணி நேரம் பிடிக்கும். அன்றைக்கு வயிற்றைக் காயப்போடாமல் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். குளிர்சாதன அறை, ஜாக்கெட் வேண்டும். கண்ணாடி, வழக்கமான மாத்திரை, பேட், சார்ஜர், அடையாள அட்டை. நீங்கள் சாட்சி என்பதால் பெரும்பாலும் அறைக்கு வெளியேதான் இருக்க வேண்டிவரும். கூட ஒரு துணை வேண்டும் என்றால் காவல்துறையிடமே பயிற்சி பெற்ற பாதிக்கப்பட்டோர் ஆதரவுத் தொண்டர்கள் உண்டு. அவேர் என்ற பெண்கள் உரிமை அமைப்பின் பாலியல் வன்கொடுமைப் பராமரிப்பு நிலையமும் ஆளை அனுப்பும்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். உங்கள் கடிதத்தில் "கெடுத்துவிட்டான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம்: கெடுத்துட்டான், தப்பா நடந்துக்கிட்டான், என்னமோ பண்ணிட்டான். இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு குற்றச்சாட்டு எழுத முடியாது. ஆணுறுப்பைப் பெண்ணுறுப்பிலோ ஆசனவாயிலோ வாயிலோ நுழைத்தால் சட்டத்தில் அது வன்புணர்வு. விரலையோ ஒரு பொருளையோ நுழைத்தால் வேறு பிரிவு. இரண்டுக்கும் 20 ஆண்டு வரை சிறை உண்டு, அபராதமோ பிரம்படியோ சேரலாம். தொட்டதோடு நின்றால் மானபங்கம், 2022 முதல் 3 ஆண்டு வரை சிறை. எது எதைத் தொட்டது, எவ்வளவு நேரம், உடை மேலா உள்ளா என்பதில்தான் இந்தப் பிரிவெல்லாம் நிற்கிறது. மகள் ஆங்கிலத்தில் சொல்ல வசதிப்பட்டால் ஆங்கிலத்தில் சொல்லட்டும். பல பெண்களுக்குத் தமிழில் வாய் வராத சொல் ஆங்கிலத்தில் வந்துவிடும். தமிழ்தான் வரும் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஆனால் அவருக்கும் "என்னமோ பண்ணிட்டான்" என்பதை மொழிபெயர்க்க வழியில்லை. சொல்லக் கூசினால் எழுதிக் காட்டலாம், படத்தில் சுட்டிக்காட்டலாம். உங்கள் வாக்குமூலத்துக்கும் இது பொருந்தும், ஒரு வித்தியாசத்தோடு: அவள் உங்களிடம் "கெடுத்துட்டான்மா" என்றுதான் சொன்னாள் என்றால் நீங்கள் அந்தச் சொல்லையே சொல்ல வேண்டும், விளக்கம் சேர்க்கக்கூடாது.

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டுவார்கள். களைப்பில் "சரி சரி" என்று கையெழுத்துப் போட்டுவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. தவறாக இருக்கும் வரியைத் திருத்தச் சொல்லி, திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். தெரியாததற்கு "ஞாபகம் இல்லை" என்பதே பதில். ஊகித்துச் சொன்ன ஒரு நேரம் கிராப் ரசீதோடு மோதினால், உண்மையாய்ச் சொன்ன பத்து விஷயமும் அதோடு சேர்ந்து ஆட்டம் காணும்.

ஒன்பது நாள் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பார்களா? கேட்பார்கள். அதற்கு ஒரே பதில் நடந்த உண்மை: பயந்தாள், வெட்கப்பட்டாள், அப்பா வேண்டாம் என்றார். உடனே புகார் கொடுக்கவில்லை என்பதால் மட்டும் நீதிமன்றம் ஒருவரை நம்பாமல் விடுவதில்லை, தாமதத்துக்கான காரணத்தைப் பார்க்கும். கத்தவில்லை, உதைக்கவில்லை என்பதும் அப்படியே. பயத்தில் உடம்பு கல்லாய் உறைந்துபோவது சாதாரணம், எதிர்க்காததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வைன் விஷயத்தையும் மறைக்கக் கூடாது. குடிப்பது குற்றமில்லை. நடப்பது என்னவென்று புரியாத போதையில் இருந்தால் அந்தச் சம்மதத்தைச் சட்டமே சம்மதமாக ஏற்பதில்லை. பாதிக்கப்பட்டவரின் வாய்மொழி தவிர வேறு சாட்சியமே இல்லாதபோதும் இங்கே தண்டனை கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த வாய்மொழி வழக்கத்தைவிட உறுதியாக நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் எதிர்பார்க்கின்றன. வழக்குகள் சாய்வது பெரும்பாலும் தாமதத்தால் அல்ல, மறைத்துப் பிறகு வெளிவரும் இந்த மாதிரிச் சின்ன விஷயங்களால் என்பது எங்கள் கணிப்பு.

அப்பாவின் பயத்துக்கு வருவோம். பெயர் பேப்பரில் வராது. 2018ல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, பாலியல் குற்றப் புகார் பதிவான நேரத்திலிருந்தே பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது குற்றம். தினசரிக்கு மட்டுமில்லை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் பரப்பும் உறவினருக்கும் இது வம்புதான். அவன் பெயரைப் போட்டால் இவள் யார் என்று தெரிந்துவிடும் என்றால் அவன் பெயரும் மறைக்கப்படும். சாட்சி சொல்லும்போது பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டு விசாரிக்கவும், அவன் முகம் தெரியாமல் திரை வைக்கவும் வழி உண்டு. குற்றச்சாட்டோடு தொடர்பில்லாத அவளுடைய பழைய உறவுகள், உடை, தோற்றம் பற்றி நீதிபதி அனுமதி இல்லாமல் கேள்வி கேட்க முடியாது. இத்தனை இருந்தும் குறுக்கு விசாரணை கடுமையானதுதான், அதை இனிப்புத் தடவிச் சொல்ல விரும்பவில்லை. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அவள் கூண்டில் ஏற வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

வக்கீல் செலவு: ஒரு வெள்ளிகூட இல்லை. வழக்கை நடத்துவது அரசாங்க வழக்கறிஞர், உங்கள் மகள் அதில் சாட்சி. அதனாலேயே இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். புகார் கொடுத்தபின் "மனசு மாறிவிட்டது, திரும்ப எடுத்துக்கொள்கிறோம்" என்றால் வழக்கு அதோடு நின்றுவிடாது. தொடர்வதா, எச்சரித்து விடுவதா, கைவிடுவதா என்று முடிவு செய்வது தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம். விசாரணைக்கே மாதங்கள் ஆகும், நீதிமன்றம் போனால் ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கலாம். சாட்சியம் போதாது என்று மேல் நடவடிக்கை இல்லாமல் முடிவதும் உண்டு. அப்படி முடிந்தால் அவள் பொய் சொன்னாள் என்று அர்த்தமில்லை. குற்றம் நிரூபணமானால் இழப்பீடு வழங்குவதை நீதிமன்றம் பரிசீலித்தே ஆக வேண்டும். தனக்கு நேர்ந்த பாதிப்பை அவள் எழுத்தில் கொடுக்கவும் வழி உண்டு.

உங்கள் தம்பி பேசும் தொகை வேறு சங்கதி. குற்றத்தை மறைக்க அல்லது குற்றவாளியைத் தண்டனையிலிருந்து காப்பாற்றப் பணம் வாங்குவதைத் தண்டனைச் சட்டம் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. நல்லது செய்யப்போய் அவரே மாட்டிக்கொள்வார். பேரம் பேசிய ஒவ்வொரு செய்தியும் பிறகு "பணத்துக்காக ஜோடித்த கதை" என்பதற்கு ஆதாரமாகும். இதுவரை ஏதாவது பேசியிருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், பேசியதை அழிக்கவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வீட்டிலிருந்து யாராவது தொந்தரவு கொடுத்தால் பதிவு செய்து விசாரணை அதிகாரியிடம் சொல்லலாம். புகாரே கொடுக்காவிட்டாலும் துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், அவசரம் என்றால் விரைவு ஆணையும் உண்டு.

(இதே சிக்கலில் வேலை அனுமதியில் இருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. முதலாளி அனுமதியை ரத்து செய்துவிட்டாலும், விசாரணைக்காக இங்கே தங்கச் சிறப்பு அனுமதி வழங்கப்படும். வீட்டுப் பணிப்பெண்ணிடம் முதலாளி வீட்டார் செய்யும் குற்றத்துக்கு வழக்கமான தண்டனையைப்போல் இரு மடங்கு வரை விதிக்கலாம். கணவன் செய்ததும் குற்றமே; மனைவி என்ற விலக்கு 2020 ஜனவரி 1 முதல் இல்லை.)

மகளைப் பற்றி. 24 வயதுப் பெண், முடிவு அவளுடையது. அப்பாவுடையதோ மாமாவுடையதோ எங்களுடையதோ இல்லை. அவள் உடம்பின் மேல் ஒருவன் அவள் பேச்சைக் கேட்காமல் காரியம் செய்திருக்கிறான். வீட்டிலும் அவளைக் கேட்காமல் எல்லாம் முடிவானால் அதே காயத்தைத்தான் தொடுகிறோம். "ஏன் அவன்கூடப் போனே?" என்ற கேள்வியை வீட்டில் யாரும் கேட்க வேண்டாம், அப்பா உட்பட. "மறந்துடும்மா" என்பதும் வேண்டாம். "நீ சொன்னதை நம்புறேன். உன்மேல தப்பு இல்ல" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, கஞ்சியோ ரசம் சோறோ கொஞ்சமாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பேச வந்தால் கேளுங்கள். பேசாவிட்டால் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போங்கள், தொடுவதற்கு முன் கேளுங்கள்.

தூக்கமின்மை, திடுக்கிடல், சாப்பாடு பிடிக்காமை, திரும்பத் திரும்ப அந்தக் காட்சி கண்முன் வருவது எல்லாம் முதல் மாதத்தில் எதிர்பார்க்கக்கூடியதே, பலருக்கு மெல்லக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் மனநல நிபுணரிடம் மதிப்பீடு தேவை. அதற்கென்றே பயனுள்ள பேச்சுச் சிகிச்சைகள் இருக்கின்றன. வீட்டில் யாருக்கோ கொடுத்த தூக்க மாத்திரையைக் கொடுக்காதீர்கள். "இருக்கவே பிடிக்கல" என்பது போல ஏதாவது சொன்னால் காத்திருக்கக் கூடாது. 1767 எண்ணில் எஸ்ஓஎஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பினர் 24 மணி நேரமும் எடுப்பார்கள், மனநலக் கழகத்தின் உதவி எண் 6389 2222. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 995.

அவேரின் பாலியல் வன்கொடுமைப் பராமரிப்பு நிலையம் 6779 0282, வேலை நாட்களில். ஆலோசனை, இலவசச் சட்ட ஆலோசனை, காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் துணை எல்லாம் அங்கே கேட்கலாம். புகார் கொடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இரவில் பேச வேண்டும் என்றால் தேசிய வன்முறை எதிர்ப்பு, பாலியல் துன்புறுத்தல் உதவி எண் 1800 777 0000, 24 மணி நேரமும். தமிழில் பேச வேண்டும் என்று எடுத்ததுமே கேளுங்கள்.

மகள் இன்னும் தயாராக இல்லை என்றால் முதல் அழைப்பை நீங்களே செய்யலாம். அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. எதைக் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கஞ்சிக் கிண்ணத்தோடு அவள் மேசையில் வைத்துவிடுங்கள். அவளுக்கு எப்போது படிக்கத் தோன்றுகிறதோ அப்போது படிக்கட்டும்.